வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரை: ஒரு நாய் ஃபாஸ்டர் சேவையின் நிறைகுறை

அந்தப் பக்கம், கேரளத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கே.ஜி. சாவடி, கிணத்துக்கடவு, பொள்ளாச்சி. இந்த எல்லையோர ஊர்களில் அடிபட்ட நாய்களையும் யாரோ இறக்கிவிட்டுப் போன நாய்களையும் எடுத்து, வீடுகளில் வைத்துத் தேற்றி, தத்துக் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்று இயங்குகிறது. பெயர்ப்பலகை இல்லை, காப்பகக் கட்டடம் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, நாய்க்கு இடம் கொடுக்க முன்வந்த சில வீடுகள், அவ்வளவுதான். போனை எடுப்பவர் ஒரு நாள் சேச்சியாக இருப்பார், மறுநாள் அக்காவாக இருப்பார். பேச்சு இரண்டு பாஷையிலும் ஓடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வளர்ந்த நாய் வேண்டுமென்றால் இவர்களிடம் தயங்காமல் போகலாம். குட்டி என்றால் கீழே வரும் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். எலும்பு முறிந்த நாயை ஃபாஸ்டராக, அதாவது தத்துப் போகும்வரை தற்காலிகமாக, வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்ளும் முன் ரொம்பவே யோசியுங்கள்.

இந்த மாதிரிச் சேவையை எடைபோடப் பலரும் பார்ப்பது 'முன்–பின்' படங்களை. எலும்பும் தோலுமாக ஒரு படம், பளபளவென்று இன்னொரு படம். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைச் சொல்வது நாயோடு வீடு வீடாகப் போகும் நோட்டுத்தான். இந்தக் குழுவின் பெரிய பலம் அந்த நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தைத் திறந்தால் இப்படி இருக்கும்: "காலை 7 மணி, கஞ்சி பாதி சாப்பிட்டது. மலம் கெட்டி, சளி இல்லை. உடல் வெப்பம் 101.8. ஈறு வெளிறியே இருக்கு. இடது பின்கால் தரையில் ஊன்றியது. மாத்திரை கொடுத்தாச்சு, மீதி 9." நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-ஐத் தாண்டினாலும் 100-க்குக் கீழே போனாலும் உடனே படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மூக்கு ஈரமா காய்ந்ததா என்று பார்ப்பதெல்லாம் இங்கே செல்லாது. ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர் பையிலேயே வந்துவிடும்.

பையில் வேறு என்ன வரும்? ஸ்லிப் லீஷ் ஒன்று, கழுத்துப்பட்டை, நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ், இரண்டு கிண்ணம், பழைய சாக்கு, ஓஆர்எஸ் பாக்கெட், போவிடோன் அயோடின், கையுறை, பூச்சி மருந்து. நல்ல பை. கழுத்தில் மாட்டும் கோன் மட்டும் வருவதில்லை. கருத்தடை செய்த நாய் தையலை நக்காமல் இருக்க 10 முதல் 12 நாளாவது கோன் வேண்டும். அதை ஃபாஸ்டர் வீட்டுக்காரர் தன் காசில் வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் 14 நாள் தனிமை. இதில் குழு கறாராக இருப்பதைப் பாராட்ட வேண்டும். பார்வோ என்னும் குடல் வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வாந்தியும் ரத்தப்பேதியும் தொடங்கிவிடும், சிலவற்றுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். டிஸ்டெம்பர் என்னும் இன்னொரு வைரஸ் நோய் இன்னும் மோசம். கண்ணில் பீளை, மூக்கில் சளி என்று தொடங்கி, தேறிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் தாடை வெட்டுவதும் கால் துடிப்பதுமாக நரம்பில் போய் உட்காரும். அதனால் தனி அறை, தனிக் கிண்ணம், தனிச் செருப்பு. வீட்டு நாயைத் தொட்ட பிறகு புது நாயிடம் போகலாம், புது நாயைத் தொட்ட கையோடு வீட்டு நாயிடம் போகக் கூடாது.

தரை கழுவும் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஃபினாயில் வாசனைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பார்வோ வைரஸுக்கு அதை நம்ப முடியாது. கடையில் பாட்டிலில் கிடைக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு. முதலில் மலம், வாந்தி எல்லாவற்றையும் வழித்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு இந்தக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்தை அழுக்கே தின்றுவிடும். கழிப்பறை ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். சிமென்ட் தரைக்கு இதெல்லாம் சரி. இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மண் வாசல். மண்ணில் ப்ளீச் வேலை செய்யாது, வைரஸோ மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஆகவே பார்வோ வந்த மண் வாசல் வீட்டுக்கு அடுத்த ஒரு வருடம் தடுப்பூசி முடியாத குட்டி போகக் கூடாது. குழு வைத்திருக்கும் விதியும் இதுதான். ஆனால் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் குட்டிகள் வந்து குவியும்போது விதி தளர்ந்துவிடுகிறது. இரண்டு வேறு ஈற்றுக் குட்டிகளை ஒரே வீட்டில் வைப்பது நடக்கிறது. குட்டி எடுப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்த வீட்டில் கடைசியாக எப்போது குட்டி செத்தது, எதனால்?" நேரான பதில் கிடைக்கும். மழைக்காலத்தில் அந்தப் பதில் சிலசமயம் சங்கடமாகவும் இருக்கும்.

பட்டினி கிடந்த நாய்க்குச் சோறு போடுவதில் குழுவின் அறிவுரை மருத்துவர் சொல்வதுபோலவே இருக்கிறது. வந்த அன்றே பிரியாணி, பால், முட்டை என்று கொட்டுகிற பாசம் நாயைக் கொன்றுவிடக் கூடும். நாள்கணக்கில் காய்ந்த உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து போனால், ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கி, இதயமே தடுமாறும். முதல் நாள் அதற்குத் தேவையானதில் கால் பங்கு, அதையும் நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து. பிறகு ஒரு வாரத்தில் மெல்ல முழு அளவுக்கு. உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த கஞ்சியும் போதும். கேரளத்துச் சிவப்பு மட்டையரிசி என்றால் இன்னும் நன்றாகக் குழைய வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே வெளியே வரும். வெந்த எலும்பு ஈட்டியாகப் பிளக்கும், அதைக் கொடுக்கக் கூடாது.

உண்ணிக் காய்ச்சலுக்கு இவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது, கெட்டிக்காரத்தனமானது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் கிருமி உறுதியானால் டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிடுவார், ஒரு மாதம் கழித்து ரத்தத்தட்டு மறுபடி இறங்கும். குழு முழு மருந்தையும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. வாரத்துக்கு ஏழு நாள் கணக்கில் காகிதப் பொட்டலம், அடுத்த பொட்டலம் வேண்டுமென்றால் நோட்டில் மீதிக் கணக்கைக் காட்ட வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி, தண்ணீரில்லாமல் கொடுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும், அதனால் சோற்று உருண்டைக்குள் வைத்து மேலே கொஞ்சம் தண்ணீர். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா என்றால் மருந்தே வேறு. அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் 'உண்ணிக் காய்ச்சல்' என்று மொத்தமாக எழுதும் சீட்டைக் குழு ஏற்பதில்லை.

சொறிக்கு இன்னும் சில ஊர்களில் வண்டியில் வடித்த கருப்பு ஆயிலைத் தடவுகிறார்கள். நாய் நக்கி அது வயிற்றுக்குள் போகும், தோலும் வேகும். குழு இதற்கு இடமே கொடுப்பதில்லை. சார்கோப்டிக் சொறி மனிதருக்கும் அரிப்பைக் கொடுக்கும் என்பதையும் ஃபாஸ்டர் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் விட்டால் ஒரு வாரத்தில் வீடே சொறிந்துகொண்டு நாயைத் திருப்பி அனுப்பும். இப்போது பெரும்பாலும் அஃபாக்சோலானர், ஃபுளூரலானர் வகை மாத்திரைகள்தான் கொடுக்கிறார்கள். ஐவர்மெக்டின் ஊசியை மருத்துவர் சொல்லாமல் யாரும் போடக் கூடாது, கோலி வகை ரத்தம் கலந்த நாய்க்கு அது மூளைக்குப் போய் மயக்கத்தில் தள்ளும்.

புழு வைத்த புண்ணுக்குக் கையில் கிடைக்கும் டர்ப்பன்டைனை ஊற்றும் பழக்கம் உண்டு. புழு வெளியே வரும், நல்ல சதையும் வெந்துபோகும். குழு செய்வது: முடியைச் சுற்றிலும் கத்தரித்து, உப்புத் தண்ணீரால் கழுவி, மருத்துவர் தரும் புழு மருந்தை விட்டு, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, மறுநாள் மறுபடி பார்ப்பது. ஒரு நாளில் முடியவே முடியாது. ஆழத்தில் இருப்பவை அடுத்த நாள்தான் மேலே வரும். காதுக்குள் புழு என்றால் வீட்டில் கை வைக்காமல் மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்கிறார்கள், சரியான முடிவு.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரிக் கட்டியும் ரத்தச் சொட்டும் உள்ள நாயை யாரும் வீட்டுக்குள் விடத் தயங்குவார்கள். டிவிடி (TVT) என்னும் இந்தக் கட்டி நாய்க்கு நாய் இனச்சேர்க்கையில் தொற்றும், மனிதருக்குத் தொற்றாது. வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். பெரும்பாலான நாய்கள் முழுசாகக் குணமாகிவிடும். ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஊசி போட்ட பின் இரண்டு மூன்று நாள் சிறுநீர், மலத்தைக் கையுறையோடுதான் அள்ள வேண்டும், கர்ப்பிணிகள் உள்ள வீட்டுக்கு இந்த நாய் ஆகாது. இவ்வளவையும் போனிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த நாய்களுக்கு வீடு கிடைப்பது கடினம், ஆனால் தத்துப் பட்டியலில் இவற்றை ஒளிக்காமல் போடுவது இந்தக் குழுவின் நல்ல பழக்கம்.

எலும்பு முறிவில்தான் சறுக்கல். 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அடிபடும் நாய்கள் அதிகம். அறுவை வேண்டியவை திருச்சூர் கொக்காலையிலோ மண்ணுத்தியிலோ உள்ள பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கிறது. போவது பிரச்சினை இல்லை, திரும்பி வந்த பிறகுதான். ஆறு வாரம் கூண்டு ஓய்வு என்று சீட்டில் இருக்கும், குழுவிடம் இருப்பதோ சின்னக் கூண்டுகள். நாய் எழுந்து நிற்கவும் ஒரு சுற்றுத் திரும்பவும் இடம் வேண்டும், குதிக்க இடம் இருக்கக் கூடாது. அதைவிடச் சின்னதாக இருந்தால் படுக்கைப் புண், பெரிதாக இருந்தால் எலும்பில் வைத்த தகடே பிசகும். கட்டுப் போட்ட காலைப் பார்க்கவும் யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டின் நுனியில் தெரியும் நடு இரண்டு விரல்களைத் தினமும் பாருங்கள். நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் உள்ளே வீக்கம், கட்டு இறுகியிருக்கிறது. கெட்ட வாடை வந்தால் அன்றே அவிழ்க்க வேண்டும். மழையில் வெளியே விடும்போது பாலித்தீன் பை மாட்டலாம், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வியர்த்துத் தோல் அழுகும். முதுகெலும்பு அடிபட்டுப் பின்பக்கம் செயலிழந்த நாய்க்குச் சிறுநீர்ப்பையை நாளுக்கு மூன்று நான்கு முறை அமுக்கி வெளியேற்ற வேண்டும். இதை நேரில் ஒருமுறை செய்துகாட்டாமல் நாயை ஒப்படைப்பது சரியே இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு இதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

வெறிநோய் விஷயத்தில் குழுவின் கொள்கை சரி, செலவுப் பங்கீடு சரியில்லை. எந்த நாய் கடித்தது என்று தெரியாத கடிகாயத்தோடு வரும் நாயைக் குழந்தை உள்ள வீட்டில் வைப்பதில்லை. வெறிநோய் வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம், கடிபட்ட பிறகு நாய்க்குப் போட்ட ஊசி அந்த நாயைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஃபாஸ்டர் வீட்டில் நாயைக் கையாளும் பெரியவர்கள் முன்கூட்டியே 0, 7, 21-ஆம் நாள்களில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் அந்தச் செலவும் ஃபாஸ்டர் தலையில். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முன்பே ஊசி போட்டவருக்கு 0, 3-ஆம் நாள் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

இனி தத்து. விண்ணப்பம், வீட்டு வீடியோ, நேரில் ஒரு பார்வை, வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம். கேட்டின் அடியில் இடைவெளி எவ்வளவு என்று டேப் வைத்து அளக்கிறார்கள், நல்ல வேலை. கேரளப் பக்கம் 1998-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் விதிகளின்படி நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். சான்று நோட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். ஒத்துவரவில்லை என்றால் நாய் குழுவிடமே திரும்ப வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கவோ தெருவில் விடவோ கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவும் தத்தெடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்கிறது. திருப்பிக் கொடுத்தால் குழு முகம் சுளிப்பதில்லை என்பது எல்லோரும் சொல்லும் ஒன்று.

ஒரு விதியில் மட்டும் உடன்பட முடியவில்லை. தோட்டத்துச் சாளைகளுக்கு, அதாவது தோட்ட வீடுகளுக்கு, நாய் கிடையாது என்று ஒரேயடியாக மறுக்கிறார்கள். "காவலுக்கு வேணுங்க" என்று சொன்னால் போதும், பேச்சு முடிந்தது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுகிறவர்கள் இருப்பதால் வந்த எச்சரிக்கை அது. ஆனால் ஓடி வளர்ந்த நாட்டு நாய்க்குக் கோவையின் மூன்றாவது மாடி ஃபிளாட்டைவிட நல்ல தோட்டம் மேல். மறுப்பதற்குப் பதில் கேட்க வேண்டியவை வேறு: கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? பன்றிக்கு மின்வேலி, எலிக்கு விஷம் வைக்கிறார்களா? வாளையாறு, மலம்புழை காட்டோரமென்றால் இரவில் நாயை அடைக்கக் கதவோடு கூடிய இடம் இருக்கிறதா? வெளியே கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு வைத்த இரைதான்.

வெள்ளை ராஜபாளையம் எடுக்கிறீர்கள் என்றால், தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். இந்த இனத்து வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. குழு இதைச் சோதித்து நோட்டில் எழுதுகிறது, பணம் கொடுத்து வாங்கும் இடங்களில்கூட இதை எதிர்பார்க்க முடியாது.

புது வீட்டில் முதல் மூன்று நாள் ஒடுங்கிக் கிடக்கும், மூன்று வாரத்தில் பழகும், மூன்று மாதத்தில்தான் வீட்டு நாயாகும் என்பது பொதுக் கணக்கு. ஓடிப்போவது பெரும்பாலும் முதல் கட்டத்தில். கழுத்துப்பட்டைக்கு ஒரு கயிறு, ஹார்னஸுக்கு ஒரு கயிறு என்று இரண்டு கயிற்றோடு வெளியே கூட்டிப்போகச் சொல்கிறார்கள். பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும் நாய்க்கு ஒரு கயிறு போதவே போதாது. நெம்மாறை–வல்லங்கி வேலா திருவிழா, விஷு, தீபாவளி வாரங்களில் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்புவதில்லை. வேலா வெடிக்கட்டு எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

வண்டி ஏற்பாடு சுமார். நாயை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றக் கிடைத்த ஆட்டோ, தெரிந்தவர் கார் என்று ஓட்டுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். காலை ஒன்பதுக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோதான் நாயை ஏற்ற வேண்டும். நேரம் குறிக்கும்போது அவர்கள் சொல்வதற்குத் தலையாட்டாமல் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள். மூச்சிரைப்பு நிற்காமல் நாக்கு செங்கல் நிறமானால் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை தத்துக்குப் பிறகு வருகிறது. முதல் மூன்று வாரம் படம் கேட்பார்கள், வீடியோ கேட்பார்கள், நேரிலும் வருவார்கள். மூன்று மாதம் ஆனதும் சத்தம் நின்றுவிடும். மூன்று மாதக் குட்டியாகக் கொடுத்தது அப்போதுதான் ஆறு மாதத்தை எட்டுகிறது, கருத்தடைக்கு நேரம் வருவது சரியாக அந்த இடத்தில். பெண் குட்டி என்றால் முதல் பருவம் வந்து, தெருவில் பாதி ஆண் நாய்கள் கேட்டில் நின்று, இன்னொரு ஈற்றுக் குட்டிகள் பிறந்து அட்டைப்பெட்டியில் இதே குழுவிடம் வந்து சேரும். தடுப்பூசியிலும் இதே கதை. ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை மழுங்கடிப்பதால் கடைசி ஊசிதான் முக்கியம். நோட்டில் பார்த்தால் இரண்டு ஊசி ஒட்டியிருக்கும், மூன்றாவதற்கு இடம் வெறுமையாக இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குழு இப்போது தத்துக்குக் காசு வாங்குவதில்லை, தடுப்பூசிச் செலவை மட்டும் ரசீதோடு கேட்கிறது. அதோடு ஒரு முன்பணமும் வாங்கி வைத்து, கருத்தடைச் சீட்டையும் மூன்றாவது ஊசியின் ஸ்டிக்கரையும் காட்டும் அன்று திருப்பித் தரலாம். அதுவரை, இவர்களிடம் குட்டி எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும்போதே கருத்தடைத் தேதியையும் எந்த மருத்துவமனை என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு யாருடையது என்பதையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள், பிறகு இழுபறி வராது.